மாசியில் போடும் தைப்பூசக் கணக்கு

தைப்பூசம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பினாங்கு முருகன் கோயிலுக்குப் போகும் தண்ணீர்மலைச் சாலையில் உடைத்த தேங்காய்களைக் கூட்டி அள்ளியாகிவிட்டது, பந்தல்களைப் பிரித்தாகிவிட்டது, மொட்டை போட்ட பிள்ளைகளுக்கு முடி முளைக்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் எங்கள் கொட்டகையில் அடுத்த தைப்பூசத்துக்கான வேலை ஆரம்பமாகும். அதற்கு வேண்டியவை ஒரு நீல அட்டை நோட்டு, ஒரு நாள்காட்டி, என் மாமியாரின் காது. இரவில் எந்த மாடு கத்தினாலும் படுத்த இடத்திலிருந்தே பெயரைச் சொல்லிவிடுவார். பசிக்குக் கத்துகிறதா, கன்றுக்குக் கத்துகிறதா, பருவத்துக்கு வந்து கத்துகிறதா என்பதும் அவருக்குத் தெரியும். நான் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். வாலுக்குக் கீழே கண்ணாடி இழைபோல் கோழை தொங்கினால் அத்தை சொன்னது சரி.

மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். மார்ச் 10ஆம் தேதி சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், போட்டால் டிசம்பர் 15 வாக்கில் கன்று. கன்று போட்ட நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை பால் உச்சத்தில் நிற்கும். ஜனவரி கடைசியோ பிப்ரவரி முதலோ வரும் தைப்பூசம் அந்த இடைவெளியில் வந்து உட்காரும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். இருந்தும் எங்களுக்குப் பதினோரு ஆண்டு ஆனது.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவில் அல்ல, பெருநிலப் பக்கம், சுங்கை பாக்காப்புக்கும் நிபோங் திபாலுக்கும் இடையில். மாமனார் ரப்பர் மரம் சீவியவர். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் இரண்டு மாடுகள் வைத்திருந்தார். அந்தக் காலத்துத் தோட்டங்களில் அது வழக்கம்தான். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது அவர் கையில் கொஞ்சம் பணமும் ஒன்பது மாடுகளும் இருந்தன. பணம் ஓராண்டில் கரைந்தது, மாடுகள் தங்கின. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்டு பார்த்தவள். மாமனார் 2009இல் தவறியபோது, "ஆறு மாதம் பார்க்கலாம், பிறகு மாடுகளை விற்றுவிடலாம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. இன்றைக்குப் பால் கறக்கும் மாடுகள் பன்னிரண்டு, கிடேரிகளும் கன்றுகளும் பத்து, பரண் கொட்டகையில் முப்பது ஆடுகள்.

எங்கள் நாள் விடியற்காலை நாலரைக்குத் தொடங்கும். தீபாவளி அன்றும் நாலரைதான், காய்ச்சல் அடித்தாலும் நாலரைதான். வார இறுதியில் கன்றுக்குட்டியோடு படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள், "எவ்வளவு அமைதியான வாழ்க்கை அக்கா!" என்பார்கள். அவர்களிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை, தயிர் வாங்கிக்கொண்டு போகட்டும். உண்மையில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கல்யாணத்துக்குச் சேர்ந்து போய் வருடக்கணக்காகிறது. அவர் தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு வருவார், நான் மாலை விருந்துக்குப் போவேன். மாடு வளர்க்கலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி நிலத்தைப் பற்றியோ முதலீட்டைப் பற்றியோ அல்ல. "உனக்கு உடம்பு முடியாத அன்று யார் கறப்பார்?" என்றுதான் கேட்பேன். பதில் இல்லாதவர்களை ஆட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். இறைச்சி ஆடு ஒரு வேளை காத்திருக்கும். மடி காத்திருக்காது.

மடி என்றதும் சொல்லிவிட வேண்டும். கறக்கத் தொடங்கும்போது ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று பீச்சல்களை ஒரு கறுப்புத் தட்டில் விட்டுப் பார்ப்பேன். பாலில் சிறு கட்டியோ நூலோ தெரிந்தால் அது மடிநோயின் முதல் கடிதம். வெள்ளை வாளியில் அது கண்ணுக்குத் தெரியாது. நான்கு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய தட்டு அது. அதைப் பயன்படுத்தத் தொடங்குவதற்கு முன் இரண்டு மாடுகளுக்கு ஒவ்வொரு காம்பு நிரந்தரமாக அடைத்துப்போனது. கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் மருந்தில் முக்கிவிட்டு உடனே தீவனம் போடுவோம். தின்கிற மாடு நின்றுகொண்டே இருக்கும். கறந்த உடனே மாடு ஈரத் தரையில் படுத்தால் திறந்திருக்கும் காம்புத் துளை வழியாக அழுக்கு ஏறிவிடும். இந்த ஒழுங்கு வந்த பிறகு மருந்துச் செலவு பாதியாகக் குறைந்தது.

தைப்பூசத்துக்கு வருகிறேன். பால் வியாபாரத்தில் மற்ற நாள்களெல்லாம் ஒரு தட்டு, தைப்பூசம் ஒரு தட்டு. பெட்டிப் பால் கடை கடையாகக் கிடைக்கும் காலத்திலும், பால்குடத்துக்குக் கறந்த பால்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் எல்லாரும் ஒரே இரவில் கேட்பார்கள். வழக்கமாக நூறு லிட்டர் போகும் இடத்தில் இருநூறு வேண்டும். மறுநாள் மறுபடி நூறுதான். மாட்டுக்குக் காலண்டர் தெரியாது. முதல் சில ஆண்டுகள் நாங்கள் செய்தது இதுதான்: வாடிக்கையாகத் தேநீர்க் கடைகளுக்குப் போகும் பாலை நிறுத்திப் பூசத்துக்குக் கொடுத்தோம். ஒரு நாள் லாபம் பார்த்தோம், இரண்டு கடைகளை இழந்தோம். ஒரு கடைக்காரர் திட்டக்கூட இல்லை. "பரவாயில்லை தம்பி" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அன்றிலிருந்து வேறு இடத்தில் வாங்கினார். திட்டியிருந்தால் மறுபடி போய்க் கேட்டிருக்கலாம்.

அதைவிட மோசமான ஓர் ஆண்டு உண்டு. பால் போதாது என்று பயந்து, மாலை கறந்த பாலையும் சேர்த்து வைத்தோம். அன்று குளிர்பெட்டியில் இடம் இல்லை. இரண்டு பெரிய கேன்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்து, அதுவே குளிர்ச்சி என்று நம்பினோம். இரவு இரண்டு மணிக்கு வேன் தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியது. ஜார்ஜ்டவுனில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, வாடிக்கையாளர்கள் சொன்ன பந்தல்களில் பாலைக் கொடுத்துவிட்டு விடியும் முன்பே திரும்பிவிட்டோம். மறுநாள் ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். சத்தம் போடவில்லை. தண்ணீர்மலைக் கோயிலின் 513 படி ஏறி மேலே போய்க் குடத்தைக் கொடுத்தபோது பால் திரிந்திருந்தது என்றார். பேத்திக்கு உடம்பு சரியாக வேண்டுமென்று நேர்ந்துகொண்ட குடமாம். நான் மன்னிப்புக் கேட்டேன், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "பணத்தைப் பற்றி நான் சொல்லவில்லையே அம்மா" என்றார். அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை. அத்தைக்கு விஷயம் தெரிந்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

கறந்த பால் மாட்டின் உடல் சூட்டோடு வருகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்கு இறக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் போதாது, ஐஸ் வேண்டும். பெரிய கேன் நடுவில் ஆறவே ஆறாது. சின்னப் புட்டிகளில் ஊற்றி, ஐஸும் தண்ணீரும் கலந்த தொட்டியில் கழுத்தளவு இறக்கி, நடுநடுவே புட்டியைக் கவிழ்த்துத் திருப்ப வேண்டும். இப்போது பூசத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு புட்டியும் ஐஸ் பெட்டியிலிருந்து நேராகக் குடத்துக்குப் போகும். "சில்லென்று இருக்கிறதே, பழைய பாலா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லச் சலித்துக்கொள்வதில்லை. வெதுவெதுப்பாக இருந்தால் புதிது என்ற நம்பிக்கை நமக்கு ஆழமாக இருக்கிறது. வெயிலில் மலை ஏறப் போகும் பாலுக்கு அந்த நம்பிக்கை எதிரி.

அந்த ஆண்டுக்குப் பிறகுதான் நோட்டு வந்தது. ஒரு மாட்டுக்கு ஒரு பக்கம். எப்போது பருவத்துக்கு வந்தது, எப்போது ஊசி போட்டது, 21 நாள் கழித்துத் திரும்பக் கத்தியதா, எப்போது கறவையை நிறுத்த வேண்டும். கடைசியில் சொன்னதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போது கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஐந்து லிட்டர் கொடுத்துக்கொண்டிருக்கும் மாட்டை நிறுத்த யாருக்கு மனம் வரும்? "கொடுக்கிற மடியைத் தள்ளக் கூடாது" என்று அத்தையும் சொல்வார். அவர் பேச்சைக் கேட்டு இறுதிவரை கறந்த மாடுகள் அடுத்த ஈற்றில் மூன்று லிட்டர் குறைவாகக் கொடுத்தன. இரண்டு ஆண்டுப் பக்கங்களை அருகருகே வைத்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எண்கள் தெரியும்.

எல்லாம் எழுதி, எல்லாம் கூட்டிக் கழித்து, ஆறு மாடுகளைத் தைப்பூசத்துக்கு என்று குறிவைத்து ஊசி போட்ட ஆண்டு 2020. மார்ச் மாதம். 18ஆம் தேதி கொரோனாவால் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடைசி மாட்டுக்கு ஊசி போட வந்தவர் சாலைத் தடுப்புகளைக் கடந்து இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும், பூசத்துக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறதே என்று சிரித்தோம்.

ஆறும் சினை பிடித்தன. ஆறும் டிசம்பரில் கன்று போட்டன, நான்கு கிடேரி. இத்தனை ஆண்டில் கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததே இல்லை. 2021 ஜனவரி 13ஆம் தேதி பினாங்கில் மறுபடி கட்டுப்பாடு வந்தது. 28ஆம் தேதி தைப்பூசம். காவடி இல்லை, பால்குடம் இல்லை, பந்தல் இல்லை. தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து குடிக்க அனுமதி இல்லை. ஆறு மாடுகளும் உச்சத்தில் நின்று ஆளுக்குப் பன்னிரண்டு லிட்டர் கொடுத்தன. முதல் இரண்டு நாள் மிஞ்சிய பாலைக் கன்றுகளுக்கு ஊற்றினோம், அவை கழிச்சல் கண்டன. மூன்றாம் நாள் சாக்கடையில் ஊற்றினோம். வெள்ளையாக ஓடியது. அத்தை சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான்காம் நாள்தான் தயிர் போட்டோம். முதல் சட்டி தண்ணீராக இருந்தது. இரண்டாவது சட்டியில் புளிப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. வீட்டுக்கு ஒரு கிண்ணம் உறை ஊற்றுவதும் இருபது லிட்டருக்கு உறை ஊற்றுவதும் வேறு வேறு வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. பெரிய பாத்திரத்தில் சூடு வெகு நேரம் நிற்கும், ஓரம் ஒரு பதம், நடு ஒரு பதமாக இருக்கும். காய்ச்சிய பாலைச் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து, விரல் பொறுக்கும் சூட்டில், சுமார் 43 டிகிரியில், உறை கலந்து, ஐந்து மணி நேரம் கழித்துக் கெட்டியான உடனே குளிர்பெட்டிக்குள் தள்ள வேண்டும். பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் புளிப்பு. வீட்டுக்காரர் தாமான் (வீடமைப்புப் பகுதி) தாமானாக மோட்டார் சைக்கிளில் போய் விற்றார். பனீரும் செய்து பார்த்தோம். ஆறு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வந்தது. வாங்க ஆள் இருந்தது, ஆனால் விறகும் உழைப்பும் சேர்த்தால் தயிர்தான் மேல்.

அந்தத் தைப்பூசத்துக்கு முதல் நாள் மாலை தொலைபேசி அடித்தது. குரல் உடனே அடையாளம் தெரிந்தது. பால் திரிந்துபோன அதே அம்மா. வீட்டிலேயே சின்ன வேலுக்கு அபிஷேகம் செய்யப் போகிறாராம், ஒரு லிட்டர் கிடைக்குமா என்று கேட்டார். கட்டுப்பாட்டில் நாங்கள் பாலம் கடந்து போக முடியாது. அந்தப் பக்கம் பொருள் கொண்டுபோகும் ஒருவரிடம் ஐஸ் பெட்டியில் இரண்டு லிட்டர் கொடுத்தனுப்பினோம். இரவு பத்து மணிக்கு ஒரு படம் வந்தது: புட்டியைக் கையில் பிடித்தபடி எட்டு, ஒன்பது வயதுப் பெண் குழந்தை.

இன்று எங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு தயிர். அந்தக் கெட்ட ஜனவரி இல்லையென்றால் நாங்கள் அதைத் தொட்டிருக்கவே மாட்டோம். இதைச் சொன்னால், கஷ்டம் எல்லாம் நன்மைக்கே என்று சிலர் தலையாட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அதே 2021இல் மலேசியாவுக்குத் தோல் கழலை நோய் வந்தது. எங்கள் கொட்டகையில் மூன்று மாடுகளுக்கு உடம்பெல்லாம் எலுமிச்சை அளவில் முடிச்சு முடிச்சாக எழும்பியது, கால் வீங்கியது, பால் வற்றியது. ஈயும் கொசுவும் கொண்டுவரும் நோய் என்பதால் மாலை முழுக்க வேப்பிலைப் புகை போட்டோம். புண்ணில் புழு வைக்காமல் மருத்துவர் கொடுத்த மருந்தைத் தடவினோம். ஒன்று செத்தது. அதில் ஒரு நன்மையும் இல்லை. நோய் வந்த மாட்டுக்கு அருகே நின்ற கிடேரிகளை முதல் நாளே பிரித்திருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

சாவைப் பற்றிப் பேசும்போது வெள்ளச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2011இல் அவளுக்கு நான்காவது ஈற்று. கொட்டகையிலேயே அதிகம் கறப்பவள் அவள்தான். கன்று போட்ட மறுநாள் காலை படுத்தவள் எழவில்லை. கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்திருந்தாள். காது ஐஸ்போல் இருந்தது. பலவீனம் என்று நினைத்தோம். வெல்லமும் சுக்கும் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தை மூங்கில் குழாயில் ஊற்றச் சொன்னது அத்தை, ஊற்றியது நான். அவள் விழுங்கவில்லை, இருமினாள், மூக்கு வழியாக வந்தது. பாதிக்கு மேல் நுரையீரலுக்குப் போயிருக்கும். இரண்டாம் நாள் போய்விட்டாள்.

அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துபோகும். கன்று போட்டதும் பால் ஒரேயடியாக இறங்கும்போது இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து தசைகள் செயலிழக்கின்றன. தொண்டையும் தசைதான், அதனால்தான் விழுங்க முடியாது. எழ முடியாத மாட்டின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை ஒரு மாட்டைக் கொடுத்துக் கற்றோம். நான்கு ஆண்டு கழித்துக் கட்டைக்கொம்பிக்கு அதே நிலை வந்தபோது கழுத்து வளைந்ததைப் பார்த்ததுமே மருத்துவரை அழைத்தேன். அவர் வரும்வரை அவளைப் பக்கவாட்டில் சாயவிடாமல் நெஞ்சின் மீது உட்காரும்படி இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டைகளை அண்டக் கொடுத்தோம். கால்சியம் மருந்துப் புட்டியை முதலில் வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு கழுத்து நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார், மறு கையில் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாம். பத்து நிமிடத்தில் தோள் நடுங்கத் தொடங்கியது. பிறகு ஏப்பம் விட்டாள். பிறகு சாணி போட்டாள். அரை மணி நேரத்தில் எழுந்து நின்று, எதுவுமே நடக்காததுபோலத் தொட்டியை முட்டினாள். மாடு சாணி போட்டதைப் பார்த்து அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தீவனத்தைப் பற்றி ஒரு சில வார்த்தை. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, பிகேசி என்றுதான் எல்லாரும் சொல்வோம், இங்கே கிடைப்பதில் மலிவு. ஒரு முறை ஒரு வியாபாரி விலையில் குறைத்துக் கொடுத்த நாற்பது மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் இறக்கிவிட்டோம். நடு மூட்டைகளில் பூஞ்சை. ஒரு வாரத்தில் பால் கால் பங்கு குறைந்தது. இப்போது லாரி நிற்கும்போதே ஏதாவது நான்கு மூட்டையைப் பிரித்து முழங்கைவரை கையை விடுவேன். உள்ளே சூடு தட்டினாலோ மக்கல் வாடை வந்தாலோ திருப்பி அனுப்பிவிடுவோம். செம்மறி வளர்ப்பவர்கள் பிகேசியை நம்பி இருக்கக் கூடாது. அதில் உள்ள செம்புச் சத்து செம்மறியின் ஈரலில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று சாய்த்துவிடும். நேப்பியர் புல்லை ஆறு, ஏழு வாரத்தில் வெட்டிவிடுவோம். அதற்கு மேல் விட்டால் உயரமாக இருக்கும், பார்க்க அழகாக இருக்கும், தண்டுதான் மிஞ்சும். மழையில் வெட்டிய புல்லை அரை நாளாவது வாட வைத்துவிட்டுத்தான் போடுவோம்.

மலைப்பாம்பு கதையையும் எல்லாரும் கேட்பார்கள். ஆம், வந்தது, ஒரு குட்டியை விழுங்கிவிட்டு நகர முடியாமல் பரணுக்குக் கீழே கிடந்தது. தீயணைப்புத் துறையினர் வந்து சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். பரணின் கீழ்ப்பக்கத்தை வலையால் அடைத்தோம். அவ்வளவுதான். பாம்பைவிட எங்களுக்கு அதிகத் தொல்லை கொடுத்தது புதிதாக வந்த தாமான்.

தாமான்காரர்கள் வரும்போது நாங்கள் முப்பது ஆண்டாக இங்கே இருந்தோம், அது உண்மை. ஆனால் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கியவர் வீட்டுக்குள் சாணி வாடை வந்தால் அவருக்கும் கோபம் நியாயம்தானே. எங்கள் நிலமோ ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமம். புகார் ஏறினால் இழப்பு எங்களுக்குத்தான். என் வீட்டுக்காரர் சண்டைக்குப் போகப் பார்த்தார். நான் தயிர் டப்பாவோடு போனேன். எந்த நேரத்தில் வாடை அதிகம் என்று கேட்டேன். மாலை ஆறு முதல் எட்டு என்றார்கள், அதாவது எல்லாரும் வேலை முடிந்து வந்து சன்னலைத் திறக்கும் நேரம். நாங்கள் கொட்டகையைக் கழுவிய நேரமும் அதேதான். கழுவுவதைப் பகல் இரண்டு மணிக்கு மாற்றினோம். சாணியை ஈரமாகக் குவிக்காமல் கூரைக்கு அடியில் பரப்பிக் காயவைத்து மூட்டை கட்டினோம். அந்த மூட்டைகளைச் செடி வளர்ப்பவர்களும் காய்கறித் தோட்டக்காரர்களும் வாங்குகிறார்கள். பால் விலை இறங்கிய மாதங்களில் மின்சாரக் கட்டணத்தைக் கட்டியது அதுதான். தாமான்காரர்களில் பாதிப்பேர் இப்போது வாடிக்கையாளர்கள். மீதிப் பாதி இன்னும் முகம் சுளிக்கிறார்கள். தற்காலிக நிலம் என்பதால் கொட்டகையின் தூண்களையெல்லாம் ஆணி அடிக்காமல் போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கிறோம். நாளைக்கே போகச் சொன்னால் கழற்றி லாரியில் ஏற்றலாம்.

காளைக்கன்றுகளைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பால் பண்ணை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இதைப் பேசுவதில்லை. பிறப்பதில் ஏறத்தாழப் பாதி காளை. எல்லாவற்றையும் வளர்க்கத் தீவனமும் இல்லை, இடமும் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வழக்கமாக வாங்கும் மலாய்க்காரர் வருவார். நல்ல மனிதர். விலையை அடித்துப் பேசமாட்டார், மாட்டை அடிக்கவும் மாட்டார். அந்த ஒரு நாள் வரும் பணம்தான் அடுத்த நான்கு மாதத் தீவனம். அன்று காலை அத்தை தானே கன்றைக் குளிப்பாட்டி, ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தோலோடு ஊட்டுவார். பிறகு உள்ளே போய் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொள்வார். லாரி போய் வெகு நேரம் கழித்துத்தான் அதைக் குறைப்பார். பணத்தை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எவ்வளவு என்று கேட்காமலும் இருந்ததில்லை. குறைவாகச் சொன்னால், "போன ஆண்டைவிடக் கனமாக இருந்ததே" என்பார்.

நேற்று இரவு மணி மூன்று இருக்கும். "சீனி கத்துகிறாள்" என்றார் அத்தை. சீனி கட்டைக்கொம்பியின் மகள். டார்ச்சோடு போனேன். பக்கத்து மாடு அவள் மேல் ஏறியது, அவள் விலகாமல் நின்றாள், கோழை தெளிவாக இருந்தது. விடியும் முன் கத்தியவளுக்கு மாலையில் ஊசி போட வேண்டும். ஊசி போடுபவருக்கு ஏழு மணிக்குச் செய்தி அனுப்பினேன், ஐந்து மணிக்கு வந்தார். தோள்வரை உறை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அத்தை அவருக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"எந்தத் தேதி வருகிறது?"

நோட்டைப் பிரித்துச் சீனியின் பக்கத்தில் எழுதினேன். டிசம்பர் நடுவில். கறவை நிறுத்த வேண்டிய நாளையும், 21ஆம் நாளையும் குறித்தேன். ஓரத்தில், ஒவ்வொரு ஆண்டும் எழுதுவதுபோல, அந்த அம்மாவின் இரண்டு லிட்டரையும் எழுதினேன். அவர் இன்னும் கேட்கவில்லை. பேத்தி இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாளாம், போன பூசத்தன்று ஐஸ் பெட்டியை வேனிலிருந்து இறக்கியது அவள்தான்.

"மூன்று லிட்டராகப் போடு" என்றார் அத்தை.